புயலின் ஆயுள்

2018-ஆம் வருஷத்தில் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலுமாக ஏழு புயல்கள் தோன்றின. ஆண்டுக்கு நான்கைந்து என்பதே இவ்விரு கடல்களின் வழக்கமாதலால் ஏழு பெரிய தொகைதான்; ஆயினும் அந்த வருஷத்தை நான் மறவாதிருப்பது தொகையைக் கருதியன்று. ஒரு புயல் எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு நம் சர்க்கார்களும் பத்திரிகைகளும் சொல்லிவரும் விடை எவ்வளவு போதாதது என்பதை அந்த ஒரே வருஷம் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டமையாலேயே அதைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

மே மாதத்தில் ஏடன் வளைகுடாவுக்குள் நுழைந்த சாகர் புயல் சோமாலிலாந்தின் மேய்ச்சல் குடிகளுடைய கால்நடைகளை ஏராளமாக மாய்த்தது. அது ஓய்ந்த சில தினங்களுக்குள், மெகுனு என்னும் உக்கிரமான புயல் ஓமன் தேசத்துச் சலாலா நகரத்தருகே மே 25-ஆம் தேதி கரையேறியது. வெள்ளம் வடிந்ததும் உலகம் அதை மறந்தது. ஆனால் அப்புயலின் மழை, மனித சஞ்சாரமே அரிதான ரூப் அல் காலி பாலைவனத்தினுள் பெய்து, மணற்குன்றுகளுக்கிடையே ஏரிகளை உண்டாக்கியிருந்தது. நனைந்த நிலத்தில் பூண்டுகள் முளைக்க, ஈர மணலைத் தேடி முட்டையிடும் இயல்புடைய பாலைவன வெட்டுக்கிளிகள், பார்ப்பாரும் தடுப்பாருமின்றி அங்கே தலைமுறைமேல் தலைமுறையாகப் பெருகின. அக்டோபரில் லுபான் புயல் அதே பிரதேசத்துக்கு மீண்டும் மழையைக் கொணர்ந்தது. 2019-இன் தொடக்கத்தில் அங்கிருந்து கிளம்பிய கூட்டங்கள் ஏமனுக்கும் ஈரானுக்கும் பரவின. அவற்றின் சந்ததிகள் ராஜஸ்தானத்தையும் குஜராத்தையும் அடைந்தன. 2020-இல் கென்யா 70 வருஷங்களாகக் கண்டிராத படையெடுப்பைக் கண்டது. இடையே பெய்த வேறு மழைகளும் அதற்குத் துணைபுரிந்தன என்பது மெய்யே. எனினும், விளைச்சலை இழந்த ஓர் ஆப்பிரிக்க விவசாயியின் நஷ்டத்தை மெகுனுவின் பற்றில் எழுதிவைக்க எந்தச் சர்க்காரின் பதிவேட்டில் இடமிருந்தது?

லுபான் மேற்கே சுழன்றுகொண்டிருந்த அதே தினங்களில் கிழக்கே தித்லி எழுந்தது. இரு கடல்களிலும் ஒரே சமயத்தில் கடும் புயல்கள் நிற்பது அபூர்வம். அக்டோபர் 11-ஆம் தேதி ஸ்ரீகாகுளம் ஜில்லாவின் பலாசாவுக்கருகே கரையேறிய தித்லி, பின் திசைமாறிச் சென்றது; ஒடிசாவின் கஜபதி மலைப்பகுதியில் அது கொட்டிய மழையால் மண் சரிந்து, குகையொன்றில் புகலடைந்திருந்தவர்களைப் புதைத்தது. கரையோரத்திற்கென்று செய்த முன்னேற்பாடுகள் மலைவாசிகளுக்கு எட்டவில்லை. சமவெளியிலோ, உத்தானம் என்று அழைக்கப்படும் பிரதேசத்தின் தென்னந்தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் ஒரே இரவில் சாய்ந்தன. அவ்வருஷத்தில் தோன்றிய தாயே, பெய்த்தாய் என்னும் வேறிரண்டு புயல்கள் அவ்வளவு கொடியவை அல்ல.

உத்தானம் சாய்ந்து ஐந்து வாரங்கள் கழித்து, நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. 1977 நவம்பரில் இதே நாகைக் கரையைத் தாக்கிய புயலில் 500-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கஜாவில் மாண்டவர் தொகை நூற்றை எட்டவில்லை. வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பும், 80,000-க்கு மேற்பட்ட ஜனங்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்ற அதிகாரிகளின் உழைப்புமே அந்த வித்தியாசத்துக்குப் பெரிதும் காரணம். அவர்களுக்குக் கிடைத்த புகழ் முற்றிலும் நியாயமானது. ஆனால் பிராணசேதம் குறைந்துவிட்டது என்ற அந்த ஆறுதலே, விடிந்தபின் கண்ட காட்சியின் அர்த்தத்தை நம்மிடமிருந்து மறைத்தும் விட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி, திருத்துறைப்பூண்டி என்று எத்திசையில் நோக்கினும் தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவே முறிந்தும் கிடந்தன. காவிரியின் தண்ணீரை நம்பி நெல் பயிரிட முடியாத கடைமடையில், ஆழ்துளைக் கிணறு இறக்கித் தென்னைக்கு மாறிய குடும்பங்களின் மரங்கள் அவை. பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு, வைத்தியச் செலவு யாவும் காய்வெட்டை எதிர்பார்த்தே அங்கே தீர்மானமாகும்.

மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக, ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டு 1,92,500 ரூபாய் தருவதாக ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்றிருந்த மத்திய விதியோடு ஒப்பிட்டால் இது தாராளமே. ஆனாலும் நன்றாகக் காய்க்கும் தென்னை வருஷத்துக்குச் சுமார் நூறு காய் தரும். காய்க்குப் பத்து ரூபாய் என்று குறைத்தே மதித்தாலும் ஓராண்டு வரும்படி ஆயிரம் ரூபாய். ஆகவே மரத்துக்கு 1,100 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு வருஷத்து மகசூல். நெட்டை ரகக் கன்று பாளை விட ஆறேழு வருஷம் ஆகும். மரம் நிறைந்து காய்க்க மேலும் சில வருஷம் செல்லும். அந்த இடைக்காலத்தில் அக்குடும்பம் எதைக்கொண்டு ஜீவிக்கும் என்று எந்த அரசாணையும் கேட்கவில்லை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அதிலும் முதிர்ந்த மரத்துக்கு உச்ச வரம்பு அப்போது 1,750 ரூபாய்தான். ராஜ்யம் ஏறக்குறைய 15,000 கோடி கேட்க, மத்திய சர்க்கார் டிசம்பர் முடிவில் ஏறக்குறைய 1,146 கோடி ரூபாயை அங்கீகரித்தது. அத்துடன் பேச்சும் அடங்கிற்று.

என் அபிப்பிராயம் இதுதான்: நிவாரணத்தின் காலத்தை நிர்ணயிக்க வேண்டியது காற்று வீசிய நாட்கள் அல்ல, இழந்த பொருள் மீண்டு வரத் தேவையான வருஷங்களே. நெல்லுக்கு ஒரு போகம் போதும். வாழைக்கு ஓராண்டு வேண்டும். தென்னைக்கோ, புதுக்கன்று காய்க்கும் வரையில் ஆண்டுதோறும் ஒரு தொகை, குறைந்துகொண்டே வருவதாயினும், தவறாமல் வர வேண்டும். தோப்பின் மீது வாங்கிய கடனுக்கு அதுவரை வட்டி ஓடக் கூடாது. இதற்குப் பணம் ஏது என்று கேட்பவர்கள், மொத்தத் தொகையைப் பல வருஷங்களில் பங்கிடுவது ஒரே வருஷத்தில் தருவதைவிட எந்தக் கஜானாவுக்கும் எளிது என்பதைச் சிந்திக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை கன்று பிழைத்தது, எத்தனை குடும்பம் நிலத்தை விற்றது என்பதை வருஷந்தோறும் கணக்கெடுத்துச் சட்டசபையில் வைப்பதற்கு அதிகச் செலவும் இல்லை.

இவற்றையெல்லாம் செய்தாலும் விடுபட்டுப் போகிறவர்கள் உண்டு. மரமேறுகிறவர்கள், மட்டை உரிக்கிறவர்கள், கீற்று முடையும் பெண்கள், கயிறு திரிக்கும் கூடங்களில் கூலிக்கு இருந்தவர்கள் ஆகிய இவர்களில் ஒருவர் பெயரிலும் பட்டா இல்லை. தோப்பு விழுந்தபோது இவர்களுடைய வேலையும் அதே இரவில், அதே அளவு வருஷங்களுக்கு விழுந்தது. ஆனால் மரத்துக்கு இவ்வளவு என்று அளக்கும் கணக்கில், மரம் சொந்தமில்லாதவர் சேர வழியே இல்லை. வீடு இழந்தவருக்கும் படகு இழந்தவருக்கும் தனித்தனி ஜாபிதா தயாரிக்கும் வருவாய்த் துறை, வேலையை இழந்தவருக்கும் ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். அந்தத் தோப்புகள் மறுபடியும் காய்வெட்டுக்கு வரும்வரையில் அவர்களுடைய பெயர்களை அதிலிருந்து அடிக்கக் கூடாது.