தாம்பரம்: கழிவுநீர் எங்கே போகிறது?

2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரத்தை ஒட்டிய மலைமேடு, காமராஜர் நகர் பகுதிகளில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் சாக்கடை கலந்ததே காரணம் என்றார்கள் அப்பகுதி மக்கள். அரசுத் தரப்போ குடிநீர்தான் காரணம் என்பதை ஏற்கவில்லை. சில நாட்கள் ஊடகங்களில் ஓடிய விவாதம் பிறகு அடங்கிவிட்டது. ஆனால் கழிவுநீர் குடிநீரில் கலப்பதற்கான வழி நம் தெருக்களில் அப்படியேதான் இருக்கிறது.

குழாயில் தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. வரும்போது அழுத்தம் இருக்கும். நின்றதும் குழாய் வெறுமையாகி, விரிசல் வழியே வெளியே தேங்கியிருப்பதை உள்ளே இழுக்கும். வெளியே தேங்கியிருப்பது சாக்கடை என்றால் மறுநாள் முதல் குடத்தில் வருவதும் அதுதான்.

2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பெயர் மாறியது. பாதாளச் சாக்கடை மட்டும் எல்லாத் தெருக்களுக்கும் வந்து சேரவில்லை. அது இல்லாத வீடுகளுக்கு செப்டிக் டேங்க்தான் கதி.

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்திகரித்துவிடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது கசடை அடியில் தங்கவைக்கும், அவ்வளவுதான். மேலே நிற்கும் நீர் கிருமிகளோடு வெளியேறும். அது உறிஞ்சு குழி வழியே மண்ணில் வடிகட்டப்பட வேண்டும். கிணறோ போர்வெல்லோ குறைந்தது 15 மீட்டர், அதாவது சுமார் 50 அடி தள்ளி இருக்க வேண்டும். 30-க்கு 40 அடி அரை கிரவுண்டு மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கே 50 அடிதான். பக்கத்து வீட்டுக்காரரின் டேங்க் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னும் சிலர் டேங்கின் வெளியேற்றுக் குழாயை மழைநீர் வடிகாலிலேயே விட்டுவிடுகிறார்கள். அது ஏரியில் போய்ச் சேருகிறது. செம்பாக்கம் ஏரி அப்படித்தான் சீரழிந்தது. அதன் பிறகு பெரும் செலவில் சீரமைக்கும் வேலை. இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் போகும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்திற்கு 2022-ல் ராம்சார் தகுதி கிடைத்தது. சாக்கடைக்கு அதெல்லாம் தெரியாது.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். தெருவின் மொத்தக் கழிவையும் ஏரியில் விடுவது எந்தக் கணக்கில் சேரும்?

மறுபக்கம், கழிவுநீர் வீணாக்கக் கூடாத வளமும்கூட. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திலிருந்து 540 லிட்டர். சென்னை தண்ணீருக்குத் தவித்த 2019-ல்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் திறக்கப்பட்டன. பாலைவன நாடுகள் இதை முன்பே யோசித்துவிட்டன. நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளம் நீங்கும் வரை முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீரால் உளூ செய்யலாம் என்று சவூதியின் மூத்த மார்க்க அறிஞர்கள் குழு 1978-லேயே முடிவு சொன்னது. உடல்நலக் கேடு இருந்தால் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம்தான் கேட்க வேண்டும். நம் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை எப்போது, குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கெல்லாம் ஒன்றையொன்று கடக்கின்றன என்று மாமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கலாம். ஜமாஅத் சார்பில் கேட்டால் பதில் விரைவாக வரக்கூடும்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது டேங்கைக் காலி செய்யுங்கள். உரிமம் பெற்ற லாரிதானா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கழிவு இரவோடு இரவாக இன்னொரு ஏரியில் கொட்டப்படும். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013 சட்டப்படி அது குற்றம். விஷவாயுவுக்கு ஒரு நிமிடம் போதும். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும், ஆனால் கழிவால் சேரும் நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீடுகள் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.