விட நினைப்பவன் எங்கே போவான்?

சம்பளம் போட்ட மறுநாள் காலைப் பெரட்டில் எவரெவர் வரவில்லை என்பது செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நமக்குத் தெரியும். பெயருக்கு நேரே குறியைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். அப்படிக் குறி விழுந்த பெயர்களுள் சில, குடியை விடவேண்டுமென்று நம்மிடமே வந்து வழி கேட்டவர்களுடையவை என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

தோழர்களே! குடிக்கு எதிராக நம்மவர் போராடியதில்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியலுக்கு நின்றனர். அந்தப் போராட்டங்களை நாம் வணங்குகிறோம். ஆயினும் அவை கடையை எதிர்த்த போராட்டங்கள். கடை மூடிய பின்னும் கை நடுங்குகிறவனுக்கு என்ன வழி என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. கள் போன இடத்தில் சம்சு வந்தது. பிறகு மலிவுப் போத்தல் வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்களே, அதை மறந்துவிட்டோமா?

நாம் அறிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவது. சத்தியம் மூன்றாம் முறை உடைந்தால், "இவன் திருந்தமாட்டான்" என்று கைகழுவிவிடுவது. நாமும் அப்படிச் சொன்னதுண்டு, மறைப்பானேன்?

நம் டிவிஷனில் ஒரு தோழர். மரத்தில் காயம் படாமல் பட்டை சீவுவதில் அவருக்கு இணை இல்லை. மூன்றாம் சத்தியமும் போன பிறகு ஆபீஸ் ஜன்னலருகே வந்து நின்றார். "ஐயா, புத்தி சொல்ல ஆள் நிறைய இருக்கு. இதை விட்டவன் எவனாவது இருந்தாக் காட்டுங்க. அவன்கிட்டே ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் கேட்டதைத்தான் 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை வைத்தியரும் செய்தார்கள். இருவரும் பெருங்குடியர்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்டார். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டம். நம் நாட்டிலும் அது நடக்கிறது. சந்தா கிடையாது, முழுப் பெயர் சொல்லவேண்டியதில்லை, குடியை விட விருப்பம் இருந்தால் போதும். பேசாமல் கேட்டுவிட்டும் வரலாம்.

கூட்டத்தைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. நாமும் அலைந்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதியில் விசாரித்தோம். நம் வீட்டுப் பையன் கைப்பேசியில் தேடித் தொலைபேசி எண் எடுத்துக் கொடுத்தான். பஸ் ஏறிப் போனால், கூட்டம் ஒரு மாதா கோயில் கட்டடத்தின் மாடியில்! தோழர் வாசலிலேயே நின்றுவிட்டார். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். அறைதான் கோயிலுடையது, கூட்டம் எந்த மதத்துக்கும் உரியதல்ல என்று விளக்கிய பிறகே படியேறினார். பேச்செல்லாம் இங்கிலீஷ், பாதிக்கு மேல் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவர் அருகே வந்து, "நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான் அண்ணே" என்று தமிழில் தொடங்கினார். இருவரும் பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். "வைராக்கியமாக இன்றே நிறுத்து" என்று அறையில் பூட்டிவைக்கும் மாமன் மச்சான்கள் இதைக் கவனிக்கவேண்டும். முதலில் கிளினிக்கில் டாக்டரிடம் காட்டுங்கள். கூட்டம் மருந்துக்கு மாற்றல்ல. குடிப்பவரின் மனைவிக்கும் மக்களுக்கும் 1951 முதல் அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அடி வாங்கியும் வெளியே சொல்லாத நம் தாய்மார்களுக்கு இது தெரியவேண்டும்.

தோழர் இப்போது வாரந்தோறும் போய்வருகிறார். இடையில் ஒருமுறை சறுக்கினார். மறுவாரம் போனபோது அங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லையாம். நம் லயத்திலோ இன்னும் அவரைப் பழைய பட்டப்பெயரால் அழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் நாம் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். சங்கக் கட்டடத்தின் பின்னறையை ஞாயிறு மாலைகளில் தமிழில் பேசும் இத்தகைய கூட்டத்துக்குக் கொடுக்கவேண்டும். சாவி அவர்களிடமே இருக்கட்டும். செயலவையினரோ கிராணியோ மண்டோரோ உள்ளே உட்காரக்கூடாது. வருகைப் பதிவேடும் வேண்டாம். வெளியார் நன்கொடையை அக்கூட்டத்தார் ஏற்பதில்லை. தங்களுக்குள் உண்டியல் வைத்தே செலவு பார்ப்பார்கள். ஆகவே மாதம் சில வெள்ளி வாடகை பேசிக்கொள்ளலாம். "குடிகாரனுக்குச் சங்கத்து அறையா?" என்று கேட்க இருப்பவர்கள் அன்று தவறாமல் வாருங்கள், அந்தத் தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.