ஈர்க்கும் புளியங்கொட்டையும்

தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்ற முறை கடல் கடந்து சென்றது என்பதைப் பலர் அறியார். சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் அம்முறை இங்கிலாந்திலும் பரவிற்று. நாமோ மணலைத் துடைத்துவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையின் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்தோம்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரசுப் பள்ளிகளில் இக்குறையை ஓரளவு உணர்ந்தவை. நம்மூர் மழலையர் பள்ளிகள் பலவற்றில் கைவேலை என்பது ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு ஆசிரியை ஒட்டித் தரும் மினுமினுப்புத் தாளாகவே நின்றுவிடுகிறது. (அதைக் கண்டு மகிழ்பவர் பெற்றோரே!)

பொருளுக்கா பஞ்சம்? தென்னை ஈர்க்கு இரண்டு போதும், 'ட' பிறக்கும். மூன்றில் 'ப'. 'ம' வளைவுக்கு வாய்க்கால் களிமண். புள்ளிக்குப் புளியங்கொட்டை. 'படம்' என அடுக்கிய பிள்ளை, நடுவே ஒரு 'ட்' சேர்த்தால் 'பட்டம்' ஆகிறது. முன்னதில் மென்மையாய் ஒலித்த அதே 'ட' பின்னதில் அழுத்தம் பெறுவதை அதன் செவியே கண்டுகொள்ளும். பிறகு அதே பிள்ளை தாளும் ஈர்க்கும் கொண்டு பட்டமும் செய்யட்டும். கை செய்யும்போது வாய் ஒலிக்க வேண்டும். ஒலியில்லாக் கைவேலை எழுத்தறிவாகாது. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வரும் புதிரையும் அட்டைத் துண்டுகளை இடம் மாற்றி வைத்தே விளக்கிவிடலாம்.

கூத்தாநல்லூருக்கு இதில் தனிக் கவலை உண்டு. வெளிநாட்டிலிருக்கும் தந்தைக்குக் கடிதம் எழுதுவதற்காகவேனும் முன்பு பிள்ளைகள் தமிழ் எழுதினர். கைப்பேசி வந்தபின் அத்தேவையும் போயிற்று. வலி, வளி, வழி மூன்றும் நாவில் ஒன்றாகின்றன. அரபு எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டி, 'ழ'வையும் 'ண'வையும் அரபுத்தமிழில் பிரித்தெழுதிக் காத்த சமுதாயம் இது. அவ்வேடுகளை ஓதிய பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகளுக்கா இந்நிலை?

தமிழ்த்துறை மாணவர்கள் வரும் விடுமுறையில் தத்தம் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திண்ணையில் அமர்த்தட்டும். முதல் வாரத்துக்கு 'ட', 'ப', 'ம' மூன்றே போதும். ஈர்க்குக்கு வீட்டுத் துடைப்பம் இருக்கிறது.