யாருடைய மகிழுந்து?

கோயில் வாசலில் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சங்கனி வைத்து நசுக்கி, 'இது என் மகிழுந்து' என்று பெருமிதத்தோடு கூறும் நண்பர்களைக் காணுந்தோறும் எனக்குள் ஒரு வினா எழுகின்றது. அது யாருடையது? 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. கடைசித் தவணை செலுத்தப்படும் வரை உரிமையாளர் கடன் கொடுத்தவரே. நம்மவர் வாடகைக்கு எடுத்தவர்.

மகிழுந்தே வேண்டா என்று வாதிட நான் வரவில்லை. ஜொகூரில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மாசாயிலும் கூலாயிலும் குடியேறிய குடும்பங்கள் பேருந்தை மட்டும் நம்பி வாழ இயலாது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தபோது, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்து வந்த பெற்றோர் மழையில் நனையாது பள்ளிக்கு வந்தனர். அதை ஆடம்பரம் என்பவர் எங்கள் பள்ளி வாசலில் ஒரு நாள் காலையில் நின்று பார்த்தவர் அல்லர். 'மாதம் எவ்வளவு?' என்னும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையொப்பமிடும் வழக்கத்தையே நான் கண்டிக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். கடன் 45,000 வெள்ளி, வட்டி 3.5 விழுக்காடு, காலம் 9 ஆண்டு. நெடுங்காலமாக நம் நாட்டில் வழங்கிவந்த நிலையான வட்டி முறையில், கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. 14,175 வெள்ளி வட்டி முதல் நாளே தலையில் ஏறிவிடும். மாதத் தவணை ஏறத்தாழ 548 வெள்ளி. உண்மை வட்டியோ 6 விழுக்காட்டைத் தாண்டும். 'எழுபத்தெட்டாம் விதி' என்னும் முறைப்படி கணக்கிட்டால், முதல் மூன்று ஆண்டுகளிலேயே மொத்த வட்டியில் பாதிக்கு மேல் கழிக்கப்பட்டுவிடும். அந்நிலையில் முன்கூட்டியே கடனை அடைக்கச் சென்றவர், 19,700 வெள்ளிக்கு மேல் கட்டியும் அசலில் 12,000 வெள்ளிகூடக் குறையாததைக் கண்டு திகைப்பார். அதே கடனை ஐந்தாண்டில் அடைத்தால் வட்டி 7,875 வெள்ளிதான். மாதம் 881 வெள்ளி கட்ட வேண்டும். 'அவ்வளவு முடியாதே ஐயா' என்பர். முடியாதெனில் அந்த வண்டி நம் வருவாய்க்கு ஏற்றதன்று. விலை குறைந்த, சில ஆண்டுகள் ஓடிய வண்டியை நாடுவதில் என்ன இழுக்கு? பழைய வண்டி பட்டறைச் செலவு வைக்கும்தான். மறுக்கவில்லை.

என் குற்றத்தையும் கூறிவிடுகிறேன். மாணவர் ஒருவரின் தந்தைக்கு நான் பிணைக் கையொப்பமிட்டேன். ஏழாண்டுக் காலம் தவறாமல் கட்டியவர், தொழிற்சாலையில் வேலை போனதும் இரண்டு தவணை தவறினார். ஒரு நள்ளிரவில் வண்டியைக் கொண்டுபோய்விட்டனர். அடுத்தடுத்து இரு தவணை தவறிய பின்பும், 21 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தாலோ நீதிமன்ற ஆணையின்றி வண்டியைக் கைப்பற்றலாகாது. அவர் அதற்கும் மேல் கட்டியிருந்தார். இதை அவர் அறிந்திலர். ஆசிரியர் பயிற்சி பெற்று, முப்பதாண்டு விழுக்காட்டுக் கணக்குக் கற்பித்த நானும் அறிந்திலேன். அறிந்தபோது வண்டி ஏலத்தில் போயிருந்தது.

1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டங்களையே வாங்கினர். அவர்களுள் பலர் கைநாட்டு வைத்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றும், தேய்ந்து மதிப்பிழக்கும் இரும்புக்கு ஒன்பதாண்டு உழைப்பை எழுதிக் கொடுக்கின்றனர். பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும்போது தொடங்கும் தவணை, அவன் நான்காம் படிவ வயதை எட்டும்போதுதான் தீரும். இடையில் அவன் புத்தகத்திற்குக் காசு கேட்டால் 'வண்டிக்குக் கட்ட வேண்டும்' என்ற விடைதான் வருகின்றது. இதைப் பிள்ளைகளே என்னிடம் கூறியிருக்கின்றனர்.

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அவரவர் ஒப்பந்தத்தைக் கொண்டுவருமாறு கேட்டிருந்தேன். படித்துப் பார்ப்போம் என்பதே நோக்கம். நால்வர் கொண்டுவந்தனர். அவற்றுள் மூன்று, விற்பனையாளர் தந்த உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தன.