ஆவிக்கும் ஆதாரம் வேண்டும்

புனேயை ஒட்டிய போசரி தொழிற்பேட்டையில் நவராத்திரியின் ஒன்பதாம் நாள் லேத் இயந்திரத்துக்கும் மாலை விழும். விடுமுறை முடிந்ததும் அதே கைகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் அளக்கும். பக்தியும் அளவும் ஒரே கூரையின் கீழ்.

மர்ம நாவல் வாசகரும் இப்படித்தான். இதை அறிந்தவர் சுஜாதா. அவரது 'கொலையுதிர் காலம்' நாவலில் சொத்துக்கு வாரிசு லீனா. அவளைச் சுற்றி ஆவியும் சாவும். வசந்துக்கு அவள் மேல் மயக்கம், கணேஷுக்கு ஆவி மேல் சந்தேகம். பெங்களூர் பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதா, ஹாலோகிராம் என்று ஒரு விளக்கம் தருகிறார். ஆனால் ஆவியா, அறிவியலா என்ற தீர்ப்பை வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

கதையில் இந்த ஊசலாட்டம் சுகம். வெளியே ஆபத்து. பில்லி சூனிய மோசடிக்கு எதிராகச் சட்டம் கேட்டுப் போராடிய நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடை சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டம் நிறைவேறியது அந்த டிசம்பரில்.

நாவலின் பேய் புத்தகத்தை மூடினால் போய்விடும். காசு கேட்டு வாசலில் நிற்கும் பேயோட்டியிடம் கணேஷைப் போல ஆதாரம் கேட்க வேண்டும்.