ஸ்கொயர் கார்: தோற்றது எதனால்?

பழைய கார் பிரியர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நொடித்துப்போன கம்பெனி எதுவானாலும், அதை நடத்தியவரை மேதையாக்கி, வாங்காத ஜனங்களை ரசனை கெட்டவர்கள் ஆக்கிவிடுவார்கள். அப்படிப் புகழப்படும் பெயர்களில் ஒன்று இங்கிலாந்தின் ஸ்கொயர். உத்தியோகக் காலம் முழுவதும் அடக்கவிலைக் கணக்குப் பார்த்த என்னால் இந்தப் புகழ்ச்சியை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்த மனிதருக்கு உரிய மரியாதை. ஏட்ரியன் ஸ்கொயர் 1910-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே, தன் பெயரில் வரப்போகும் காருக்கு விளம்பரப் புத்தகம் தயாரித்தவர். பென்ட்லியில் தொழில் கற்று, எம்.ஜி.யில் வேலை பார்த்துவிட்டு, ஹென்லி அருகே ரெமன்ஹாம் ஹில்லில் நண்பர்களோடு சொந்தப் பட்டறை போட்டார். 1934-ல் கார் வந்தது. ஒன்றரை லிட்டர் ஆன்சானி இன்ஜின், அதற்கு சூப்பர்சார்ஜர், பெரிய பிரேக் டிரம்கள், தரையோடு பதிந்தாற்போல் உடல். மணிக்கு 100 மைல் போகும். அதன் அழகை நானும் குறை சொல்லவில்லை.

விலையைப் பாருங்கள்: 1,220 பவுண்டு! அந்த நாளில் எம்.ஜி. மிட்ஜெட் 222 பவுண்டு. ஐந்து மிட்ஜெட் வாங்கினாலும் கையில் 110 பவுண்டு மிஞ்சும். 1935-ல் வில்லியம் லயன்ஸ் அறிவித்த எஸ்.எஸ். ஜாகுவார் 100-க்கு 395 பவுண்டுதான். வேகத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. காசை எண்ணிக் கொடுப்பவன் எதை வாங்குவான்? அவனை ரசனை கெட்டவன் என்பது அநியாயம்.

பிறகு 995 பவுண்டுக்கு இறக்கினார்கள். பலனில்லை. 1936-ல் கதவடைப்பு. அந்தக் கம்பெனி கட்டியது மொத்தம் ஏழே ஏழு கார். மிஞ்சிய சாமான்களை வாங்கிய வால் ஸெத்ரின் இன்னும் சில கார்களைக் கட்டிப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை.

"கணக்குப் பார்த்தால் கலை வளருமா?" என்று கேட்பார்கள். வளர்ந்ததே! எம்.ஜி.யை உருவாக்கிய செசில் கிம்பர், ஊரெல்லாம் ஓடிய மோரிஸ் காரின் பாகங்களை வைத்துத் தொடங்கினார். லயன்ஸ் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் கட்டித் தொடங்கி, ஸ்டாண்டர்ட் கம்பெனி இன்ஜினை வைத்துக் கார் செய்தார். அவர்கள் கட்டியவையும் அழகான கார்கள்தான். கணக்கு சரியாக இருந்ததால் அடுத்த காரையும் கட்ட முடிந்தது. ஸ்கொயருக்குப் பாடம் தொலைவிலும் இல்லை. அவர் தொழில் கற்ற பென்ட்லி, லே மான் பந்தயத்தை ஐந்து தடவை ஜெயித்தும், 1931-ல் மூழ்கி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது.

"இன்று அந்தக் காருக்கு என்ன மதிப்பு தெரியுமா?" என்பது அடுத்த கேள்வி. அபூர்வப் பொருளுக்குச் சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பது சகஜம். அதில் ஒரு பென்னியாவது அந்தப் பட்டறையில் சுத்தியல் பிடித்தவனுக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஸ்கொயர் பிறகு லகோண்டாவில் வேலை பார்த்து, அங்கிருந்து பிரிஸ்டல் விமானக் கம்பெனிக்குப் போனார். 1940-ல் பிரிஸ்டலில் நடந்த குண்டுவீச்சில் இறந்தார். வயது 30 தான். அதை நினைத்தால் எனக்கும் மனசு கனக்கிறது. ஆனால் அவரைக் கொன்றது போர். அவர் கம்பெனியைக் கொன்றது அந்த 1,220 பவுண்டு. இரண்டு சோகத்தையும் ஒன்றாக்கிக் கதை சொல்லாதீர்கள்.

கனவு இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள், கேட்பவன் வீட்டு ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருவதில்லை. பேரனோ பேத்தியோ சொந்தத் தொழில் என்று வந்து நின்றால் தாராளமாக ஆசீர்வாதம் பண்ணுங்கள். கூடவே, "என்ன விலை வைப்பாய், யார் வாங்குவார்கள், வாங்காவிட்டால் எத்தனை மாதம் தாங்கும்?" என்று மூன்று கேள்வியும் கேளுங்கள். அது பெரியவர்களின் கடமை.