'பெயர் தெரியாத செடி' என்று இனி எழுதாதீர்கள்

மலேசியத் தமிழ்க் கதைகளில் ஒரு செடி அடிக்கடி வருகிறது. வீட்டுக்குப் பின்னால், லோங்காங் ஓரத்தில், யாரும் நடாமல் முளைத்து நிற்கும். கதாநாயகன் சிகரெட்டும் கையுமாக அதைப் பார்ப்பான். எழுத்தாளர் 'பெயர் தெரியாத செடி' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். கவிதையென்றால் 'பெயரறியாப் பூ'. பெயர் தெரியாமலிருப்பதில் ஏதோ மெல்லிய சோகம் ஒளிந்திருப்பதாக நமக்கு ஒரு நினைப்பு. எனக்கு அதில் சோம்பேறித்தனம்தான் தெரிகிறது.

நான் படித்தது பொறியியல். செடிகொடி பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தும் தாமான் வீட்டு முன்வாசலில், சிமெண்டுக்கும் வேலிக்கும் நடுவே மிஞ்சிய ரெண்டடி மண்ணில் முளைத்தவற்றில் பாதிக்கு மேல் பெயர் கண்டுபிடிக்க முடிந்தது. கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது, பெயர்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று. குப்பைமேனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேருக்குப் பூனைகள் மயங்கும். தமிழில் அதற்கு இன்னொரு பெயர் பூனைவணங்கி. மலாய்க்காரர்கள் குச்சிங் காலாக் என்கிறார்கள், அங்கேயும் பூனைதான். இரண்டு மொழிக்காரர்கள், ஒரே பூனையைப் பார்த்திருக்கிறார்கள். கீழாநெல்லியில் இலைக்காம்புக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கும். நமக்கு அது கீழே காய்த்த நெல்லி, மலாயில் டுக்கோங் ஆனாக், பிள்ளையைச் சுமக்கும் செடி. தொட்டாற்சிணுங்கிக்கு மலாயில் செமாலு, மாலு என்றால் வெட்கம். இதன் சொந்த ஊர் தென்னமெரிக்கப் பக்கம் என்றால் பாட்டிகள் நம்ப மாட்டார்கள். இவ்வளவும் காலடியில் கிடக்க, எழுத்தாளருக்கு மட்டும் பெயர் தெரியாது.

உடனே ஒரு தம்பி கைப்பேசியை நீட்டுவார்: "அண்ணே, படம் புடிச்சா செயலியே சொல்லிடும்." சொல்லும். ரெண்டு இலை விட்ட நாற்றைப் படம் பிடித்தாலும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். பல செடிகளில் முதல் இலைகளும் வளர்ந்த இலைகளும் ஒரே மாதிரி இருக்காது. பூக்கும்வரை பொறுக்க வேண்டும். இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறியா? தண்டு உருண்டையா, நாலு பட்டையா? கிள்ளினால் பால் வடிகிறதா? காய்க்குக் காம்பு உண்டா? கீழாநெல்லிக்குச் சின்னக் காம்பும் வழவழப்பான காயும் இருக்கும். அதன் சிவப்புத் தண்டு உறவுக்காரிக்குக் காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். ரெண்டையும் ஒன்றாக நினைத்துப் பச்சையாக மெல்கிறவர்கள் நம்மில் நிறைய. நிச்சயமாகத் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். செயலி சொன்னாலும் சரி, யூடியூப் சித்தர் சொன்னாலும் சரி.

இன்னொரு கூட்டம் பெயரே கேட்பதில்லை. ஹார்ட்வேர் கடைக்குப் போய் 'புல்லு மருந்து' வாங்கிவந்து அடித்துவிடும். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மலாயில் அது ராச்சுன் ரும்புட், புல்லுக்கான விஷம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே ராச்சுன் என்ற சொல் இருக்கிறது. தமிழில் மட்டும் அது மருந்து. தோட்டத்தில் நம் பெண்கள் முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு அடித்ததும் 'மருந்து'தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இந்த நாடு 2002இல் தடை செய்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுசாக நிறுத்தியது. 2002இல் ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா, மருந்தடிக்கும் பெண்களின் உடல் பட்ட பாட்டை ஓர் ஆய்வறிக்கையாகக் கொண்டுவந்தது. அதைப் படித்தவர் எத்தனை பேர்? அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் ரெண்டடி மண்ணுக்குக் கிளைபோசேட் அடிக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. சரி, அதை விடுங்கள், வேலையாவது முடிகிறதா? வெறும் மண்ணில் வெயில் படப் படப் புதைந்துகிடந்த விதைகள் முளைக்கும். ரெண்டு மாதத்தில் மறுபடியும் ஹார்ட்வேர் கடை.

நம் கவிஞர்கள் இந்தச் செடியை வைத்துச் செய்யும் இன்னொரு வேலையும் எனக்கு ஆகாது. தானாக முளைத்தது, யாருக்கும் வேண்டாதது, ஆகவே அது மலேசியத் தமிழன். படிக்கும்போது நெஞ்சு லேசாகக் கனக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு தப்பு. ரப்பர் இங்கே தானாக முளைக்கவில்லை. 1876இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877இல் கன்றாக சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அந்த மரங்களுக்காகத்தான் கங்காணி வைத்து, கப்பலேற்றி, நிரை பிடித்து நம்மை இறக்கினார்கள். நட்டவனுக்குப் பெயர் இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. காற்றில் பறந்துவந்த விதை என்று எழுதும்போது அத்தனை பேரையும் சத்தமில்லாமல் விடுதலை செய்துவிடுகிறோம்.

அப்படியானால் முளைத்ததையெல்லாம் விட்டுவைக்கச் சொல்கிறேனா? இல்லை. சுவர் வெடிப்பில் அரசமரக் கன்று வந்தால் சின்னதிலேயே பிடுங்க வேண்டும், பக்தி கிக்தி பார்க்கக்கூடாது. செலாபுத் துங்குல் கொடி கணுவுக்குக் கணு வேர் விடும், அறுத்துப் போட்ட துண்டும் பிழைத்துக்கொள்ளும். அள்ளி எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் விட மோசமானது பார்த்தீனியம். 2013இல் இது மலேசியாவில் இருப்பது தெரியவந்தது. மலாய்ப் பெயர் ரும்பாய் மியாங் மெக்சிகோ. தோலில் தடிப்பும் அரிப்பும் வரும், மூச்சுத் திணறும், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். இளசாக இருக்கும்போது ஊலாம் ராஜா மாதிரியே இருக்கும். இங்கேதான் பெயர் தெரியாமை உயிரோடு விளையாடுகிறது. ஊலாம் ராஜாவுக்கு இலைகள் எதிரெதிராக வரும், கசக்கினால் மணக்கும், பூ இளஞ்சிவப்பு. பார்த்தீனியத்துக்கு இலைகள் மாறி மாறி வரும், இளஞ்செடியில் அடியிலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்து கிடக்கும், பூ குட்டிக் குட்டி வெள்ளை.

கண்டால் முதலில் படம் எடுத்து அருகிலுள்ள விவசாய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கையால் தொடாதீர்கள். பிடுங்க வேண்டி வந்தால் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பூ விடுவதற்கு முன்பே வேரோடு எடுத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டிவிடுங்கள். உரக்குழிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.